தாயின் கதையும் மகளின் வயதும்

"வயது வந்தோர்க்கு மட்டும்" என்னும் மூன்று சொற்கள் ஒரு திரைப்படத்தின் நெற்றியிலே ஒட்டப்பட்டுவிட்டால், அதன்பின் அப்படத்தைப்பற்றி இளைஞரோடு பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்பதே எம்மவரிற் பலருடைய எண்ணம். சான்றிதழ் வழங்குவோர் தம் கடமையை முடித்துவிட்டனர். பெற்றாரும் ஆசிரியரும் அக்கடமையிலிருந்து விடுதலை பெற்றுவிட்டனர். ஆனாற் சான்றிதழ் கூறுவது படத்திலே என்ன காட்டப்பட்டிருக்கின்றது என்பதை மட்டுமே. காட்டப்பட்டதை ஓர் இளம் மனம் எப்பாத்திரத்தின் அருகில் அமர்ந்து காணும் என்பதை அது கூறுவதில்லை, கூறவும் இயலாது. திறனாய்வாளனின் வேலை அவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

உயர்தர வகுப்பு மாணவர்க்கு உலகத் திரைப்படங்கள் சிலவற்றைக் காட்டலாமா என்ற பேச்சு ஆசிரியர் நடுவே எழுந்தபோது, விற்றோரியோ டி சீக்காவின் 'சைக்கிள் திருடர்' படத்துக்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. அதே நெறியாளரின் 'இரு பெண்கள்' படத்தின் பெயரைச் சொன்னதும் முகங்கள் மாறின. "அது தாய்மையைப் பற்றிய உயர்ந்த படந்தான், ஆயினும் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று" என்பதே பெரும்பாலோரின் தீர்ப்பு. தாய்மையைப் பற்றிய உயர்ந்த படம் பிள்ளைகளுக்கு ஏலாததாய்ப் போவது எப்படி? இக்கேள்வியை வேடிக்கையாகத் தள்ளிவிடாமல் ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படம் 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது. அல்பேர்ட்டோ மொராவியா 1957இல் எழுதி வெளியிட்ட நாவலைத் தழுவி, செசாரே சவாற்றினி திரைக்கதை அமைத்தார். 'சைக்கிள் திருடர்' (1948), 'உம்பேர்ட்டோ டி' (1952) ஆகிய படங்களில் டி சீக்காவின் வலக்கையாய் நின்றவர் சவாற்றினியே. தாய் செசீராவாக நடித்தவர் சோபியா லோரென். தொடக்கத்தில் தாயாக அன்னா மன்யானியும் மகளாக லோரெனும் நடிப்பதாக இருந்தது. மன்யானி மறுத்துவிடவே இருபத்தைந்து வயதைத் தாண்டியிராத லோரென் தாயானார். அதற்கேற்ப மகளின் வயதும் இறங்கியது. நாவலிற் பதினெட்டு வயதுக் கன்னியாக இருந்த றொசெற்றா திரையிற் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியாகிவிட்டாள். லோரெனுக்கு இந்நடிப்பு 1962இல் ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்தது. ஆங்கிலமல்லாத மொழியில் நடித்தவரொருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. உலகம் லோரெனைக் கொண்டாடியது. எமது விவாதத்துக்கோ, விருதைவிட மகளின் வயது இறங்கிய அச்செய்தியே முக்கியமானது. றொசெற்றாவாக நடித்த எலினோரா பிறவுண் 1948இற் பிறந்தவர். படப்பிடிப்பின்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேலிராது. அவ்வயதுப் பிள்ளை பார்க்கத்தகாது என்று பெரியோர் கருதும் கதையை நடித்துக்கொடுத்ததே அவ்வயதுப் பிள்ளைதான்.

கதை எளிது. செசீரா ஒரு விதவை. மலைநாட்டு வறுமையிலிருந்து தப்புவதற்காகத் தன்னிலும் மிக மூத்த ஒருவனை மணந்து உரோம் நகரம் வந்தவள். இப்பொழுது சிறியதொரு பலசரக்குக் கடைக்கு உரிமையாளி. 1943இல் உரோம் நகர்மீது குண்டு விழத் தொடங்கியதும், கடையைக் கரிவியாபாரி ஜியோவன்னியின் பொறுப்பில் விட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு தான் பிறந்த சியோசாரியாப் பகுதிக்குப் புறப்படுகின்றாள். புகைவண்டிப் பாதை தடைப்பட, தலையிலே பெட்டியைச் சுமந்து தாயும் மகளும் நடக்கின்றனர். மலையூரிலே மிக்கேலே என்னும் இளைஞன் அறிமுகமாகின்றான். நூல்களைப் படித்தவன், பாஸிஸத்தை வெறுப்பவன், செசீராவிடம் மனம் கொடுத்தவன். மகளோ அவனைத் தந்தையாகவும் தமையனாகவும் இன்னும் பெயரிடப்படாத ஏதோ ஓர் உறவாகவும் எண்ணுகின்றாள். பின்வாங்கும் ஜேர்மானியர் வழிகாட்டும்படி அவனை வற்புறுத்தி இழுத்துச் செல்கின்றனர். நேசநாட்டுப் படைகள் முன்னேறியதும் போர் முடிந்துவிட்டதென்று நம்பி, தாயும் மகளும் உரோம் நகருக்குத் திரும்பி நடக்கின்றனர். வழியிலே இடிந்துகிடந்த ஒரு தேவாலயத்தில் இளைப்பாறுகின்றனர். அங்கே நேசப்படையைச் சேர்ந்த மொறொக்கோச் சிப்பாய்கள் இருவரையும் கெடுத்துவிடுகின்றனர். எஞ்சிய படம் முழுவதும், அதன்பின் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் நோக்க முடியாமற் படுகின்ற பாடு.

தணிக்கையாளர் இப்படத்திற் குறித்துக்கொள்ளக்கூடியவை இரண்டு. ஒன்று தேவாலயக் காட்சி. மற்றது, தொடக்கத்திலே ஜியோவன்னியின் கரிக்கடையில், கதவு சாத்தப்பட்டபின் நிகழ்வது. இவ்விரண்டிலே எம் ஆசிரிய நண்பர்கள் சிலரைக் கூடுதலாக உறுத்தியது இரண்டாவதே. இது சிந்தனைக்குரியது. வன்முறைக்கு ஆளான தாயை நாம் தாங்கிக்கொள்கின்றோம், அவளுக்காகக் கண்ணீர் விடவும் செய்கின்றோம். ஆசைக்கு ஆளான தாயைத் தாங்கிக்கொள்ள மறுக்கின்றோம். கரிக்கடைக் காட்சியிலே கண்ணைக் கூசச்செய்யும் எதுவும் இல்லை. இருட்டு ஒன்றே உண்டு. அக்காட்சி எமக்கு உணர்த்துவது, செசீரா தாயாவதற்கு முன்னும் தாயான பின்னும் ஒரு பெண் என்பதை. உறவின் பின் அவள் உடனே நிமிர்ந்து, தான் எவனுக்கும் உடைமையல்லள் என்ற மிடுக்கோடு வெளியேறுகின்றாள். பதினாறு வயது மகனோ மகளோ தன் தாயைப்பற்றி அறிந்திருக்கவேண்டிய உண்மைகளில் இது கடைசியானதன்று. தாயைத் தெய்வமாக்கிப் பீடத்தில் ஏற்றும் சமுதாயம், அவள் பீடத்தை விட்டு இறங்கும் கணமே கல்லெடுப்பதற்கும் ஆயத்தமாயிருக்கின்றது. அப்பீடத்தை இப்படம் தொடக்கத்திலேயே அகற்றிவிடுகின்றது.

செசீராவின் தாய்மை எத்தகையது? இங்கேதான் படம் வளமடைகின்றது. அவளுக்கு அரசியல் வேண்டாம். முசோலினி வென்றாலென்ன, ஆங்கிலேயர் வென்றாலென்ன, கடை நடந்தாற் போதும், மகள் சுத்தமாக இருந்தாற் போதும் என்று நினைப்பவள். மிக்கேலே இதற்காக அவளைக் கண்டிக்கின்றான். அவளுக்கு அது விளங்குவதில்லை. கடையும் மகளும் அவளது உள்ளத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் அவளுடைய கடின உழைப்பாற் கிடைத்தவை, இரண்டையும் அவள் பூட்டிப் பாதுகாக்கின்றாள். சிறுவணிகரின் உடைமை மனப்பான்மை தாய்ப்பாசத்தோடு இவ்வளவு இயல்பாகக் கலந்து நிற்பதை வேறு படங்களில் நாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். அதனைக் கேலி செய்யாமற் காட்டுவது டி சீக்காவின் பெருமை. அவளது பாசம் பொய்யன்று. ஆனால், தனியொரு தாய் தன் கைகளால் மட்டும் ஒரு பிள்ளையைப் போரிலிருந்து காத்துவிடலாம் என்ற அவளது நம்பிக்கை பொய். அந்நம்பிக்கை உடையும் இடமே தேவாலயம்.

தமிழ் படித்தவர்க்கு இங்கே நற்றாய் நினைவுக்கு வராமற் போகாள். உடன்போக்கிற் சென்ற மகளை எண்ணி இரங்கும் நற்றாய், நேற்றுவரை பந்தும் பாவையுமாய் இருந்த சிறுமி இன்று தன் வழியைத் தானே தேர்ந்துகொண்டாள் என்பதை நம்ப மாட்டாமல் தவிப்பவள். அகப்பாடல்களில் மகள் விரும்பிப் போனாள். அதனால் நற்றாயின் துயரத்தினூடே ஓர் ஒளி இருக்கும். செசீராவின் மகளிடமிருந்து குழந்தைமை பறிக்கப்பட்டது. ஆயினும் இரு தாயர்க்கும் பொதுவானது ஒன்றுண்டு. தம் பிள்ளைக்கு இன்னும் பாவை விளையாடும் வயதே என்ற பிடிவாதம் அது. பிள்ளையின் உண்மை வயதை அறிந்துகொள்வதிலே தாயர் கடைசியாகவே வந்து சேருகின்றனர். இளையோர்க்கு எது ஏற்றது என்று தீர்ப்புக் கூறும் நாமும் அவர்களுக்குப் பின்னால் வருபவர்களே.

தேவாலயக் காட்சியை நெறியாளர் எவ்வாறு எடுத்திருக்கின்றார் என்பதை, பாராமலே எதிர்ப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். உடலை அவர் காட்டவில்லை. ஓட்டம், கூக்குரல், பிடிக்கும் கைகள், பின் சிறுமியின் முகம்; அம்முகத்தில் அகன்று நிலைத்துவிட்ட கண்கள். கமரா அக்கண்களை விட்டு அகல மறுக்கின்றது. கவர்ச்சியின் சாயல்கூட அதில் இல்லை. எமது திரையரங்குகளில் எல்லா வயதினரும் கூடியிருந்து பார்க்கும் எத்தனையோ படங்களிலே கதாநாயகியை வில்லன் துரத்தும் காட்சி, துரத்துபவனின் கண்ணாலேயே எடுக்கப்பட்டிருக்கும். அவளது ஆடை எங்கே கிழிகின்றது என்பதிலேயே கமராவின் கவனம் இருக்கும். அவற்றைப் பிள்ளைகளோடு முன்வரிசையில் அமர்ந்து பார்த்துவிட்டு, டி சீக்காவின் படத்துக்குக் கதவடைப்போர் தம் அளவுகோலை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நன்று.

அதற்கடுத்த காட்சி அதனிலும் கொடியது. வீதியிலே நேசப்படை அதிகாரிகள் ஜீப் வண்டியில் வருகின்றனர். செசீரா ஓடிச்சென்று, அவர்களுடைய வீரர் செய்ததைக் கூறி அலறுகின்றாள். பித்துப்பிடித்தவள் என்று எண்ணி அவர்கள் போய்விடுகின்றனர். வண்டியின் பின்னாற் கல்லெறிந்துவிட்டுப் புழுதியில் முழந்தாளிட்டு அழுகின்றாள். கேட்க வேண்டியவர் கேளாமற் போவதே இரண்டாவது வன்முறை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கூறிவிடாது.

இத்தாலியின் சட்டம் இவ்விஷயத்தை எவ்வாறு நோக்கியது என்பதையும் இங்கே கூறவேண்டும். பாஸிஸ ஆட்சியின்போது 1930இல் இயற்றப்பட்ட தண்டனைக்கோவை, பெண்ணைக் கெடுத்தலைப் 'பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம்' என்ற தலைப்பிலேயே வைத்தது. முசோலினி வீழ்ந்தார், முடியாட்சி போயிற்று, குடியரசு வந்தது, அத்தலைப்பு மாத்திரம் அசையவில்லை. பெண் இயக்கங்கள் நெடுங்காலம் போராடியபின், 1996இல் நிறைவேறிய சட்டமே அதனை 'ஆளுக்கு எதிரான குற்றம்' என மாற்றியது. இரண்டு தலைப்புக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. முன்னதன்படி புண்பட்டது ஊரின் மானம். பின்னதன்படி புண்பட்டவள் ஒரு மனிதப் பிறவி. முன்னதன்படி இயன்றவரை மறைப்பதே நீதி; பின்னதன்படி பேசுவதே நீதி. திரைப்படங்களை வயதால் வகுப்போர், தம்மை அறியாமலே இன்றும் அப்பழைய தலைப்பின்கீழ் நின்று தீர்ப்புச் சொல்லுகின்றனர். தேவாலயக் காட்சியை அவர்கள் 'ஒழுக்கக்கேடான' காட்சிகளின் பட்டியலிற் சேர்க்கும்போது, கரிக்கடையில் விருப்பத்தோடு நிகழ்ந்ததும் தேவாலயத்தில் வலிந்து நிகழ்ந்ததும் ஒரே பட்டியலின் இரு வரிகளாகிவிடுகின்றன. இளையோர் முதலிற் கற்றுக்கொள்ள வேண்டியது அவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டையே.

வரலாற்றில் இக்கதைக்கு வேர் உண்டு. மொராவியாவும் அவர் மனைவி எல்சா மொரான்ற்றேயும் 1943-44இல் ஏறத்தாழ ஒன்பது மாதம் அம்மலைப்பகுதியில் ஒளிந்து வாழ்ந்தவர்கள். 1944 மே மாதத்தில் மொன்ற்றே கசீனோப் போர்முனை உடைந்தபின், அவ்வட்டாரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இவ்வாறு கெடுக்கப்பட்டனர். தொகையைப்பற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு, நிகழ்ந்ததைப்பற்றி இல்லை. 1952இல் இத்தாலியப் பெண்கள் ஒன்றியத்தின் தலைவியும் பொதுவுடைமைக் கட்சிப் பிரதிநிதியுமான மரியா மத்தலேனா ரொஸி, அப்பெண்களுக்குரிய நட்டஈட்டைப்பற்றிப் பாராளுமன்றத்திற் கேள்வி எழுப்பினார். அதே ஆண்டிலேதான் கத்தோலிக்கத் திருச்சபை மொராவியாவின் நூல்களைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் அட்டவணையிற் சேர்த்தது. 'உம்பேர்ட்டோ டி' இத்தாலியின் பெயரை உலகின்முன் கெடுக்கின்றது என்று அரசாங்கத்தின் துணைச் செயலாளர் அந்திரையோற்றி டி சீக்காவைக் கண்டித்ததும் அவ்வாண்டிலேயே. பெயர் கெடும் என்ற அச்சம் ஆட்சியாளர்க்கும் உண்டு, குடும்பத்தினர்க்கும் உண்டு. இரு சாராரும் ஒரே மருந்தையே கைக்கொள்ளுகின்றனர்.

இதுவரை கூறியவற்றால், படத்தை எந்த வயதினர்க்கும் திறந்துவிடுக என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளலாகாது. எமக்கு இப்படத்திற் குறைகளும் தெரிகின்றன. அக்குறைகள் இளம் பார்வையாளரையே கூடுதலாகத் தாக்கக்கூடியவை.

முதலாவது, மகளின் மௌனம். இத்தாலிய மொழியிலே இப்படத்தின் பெயர் 'சியோசாரியாக்காரி' என்னும் ஒருமைப் பெயர். நாவல் செசீராவின் வாய்மொழியாகவே அமைந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குச் சென்றபோது படம் 'இரு பெண்கள்' ஆகியது. எமது கணிப்பிலே பழைய பெயரே நேர்மையானது. ஏனெனிற் படத்தில் ஒரு பெண்ணுக்கே வாய் உண்டு. தேவாலயத்துக்குப் பின் றொசெற்றா ஏறத்தாழப் பேசுவதேயில்லை. இருவரையும் ஏற்றிச்செல்லும் லொறிக்காரனோடு இரவிலே வெளியே போய், ஒரு சோடிக் காலுறையோடு திரும்புகின்றாள். தாய் அடிக்கின்றாள், ஏசுகின்றாள். அக்காலுறை எத்தகைய மொழி என்பது தாய்க்கு விளங்குவதில்லை. படத்துக்கு ஓரளவு விளங்குகின்றது, ஆனால் அது விளக்கிச்சொல்ல நிற்பதில்லை. மிக்கேலே கொல்லப்பட்டான் என்ற செய்தியைத் தாய் கூறியதும் சிறுமி விம்மி அழுகின்றாள்; தாய் அணைத்துக்கொள்கின்றாள்; கமரா மெல்லப் பின்வாங்குகின்றது. மகனின் உடலை மடியிற் கிடத்திய மரியாளின் சிலையை நினைவூட்டும் அக்காட்சி மறக்கொணாதது. ஆயினும் நாம் ஐயுறுகின்றோம். அழுதுவிட்டாற் பிள்ளை மீண்டும் பிள்ளையாகிவிடுவாள், தாயின் மடிக்குத் திரும்பிவிட்டாள் எனவே கதை முடிந்தது என்ற ஆறுதல், தாய்க்கு வேண்டிய ஆறுதல். மறுநாட் காலை றொசெற்றாவுக்கு எப்படி விடிந்தது என்பதை நாம் அறியோம்.

நாற்பது வயதுத் தாய் ஒருத்தி இப்படத்தைக் காணும்போது செசீராவின் அருகில் அமர்ந்து காண்கின்றாள். பதின்மூன்று வயதுச் சிறுமி எங்கே அமர்வாள்? றொசெற்றாவின் அருகில், வேறிடம் அவளுக்கு இல்லை. அவளுக்குத் தாயின் துயரக் காவியமாக இப்படம் தோன்றமாட்டாது. நடந்ததைச் சொல்ல வாயில்லாத ஒரு பிள்ளையின் கதையாகவே தோன்றும். தான் செய்யாத குற்றத்துக்குப் பின் தாயின் கையால் அடிவாங்கும் கதையாகவும் தோன்றும். லோரெனின் மகத்தான நடிப்பு அவளுக்குத் துணைசெய்யாது. அப்பேருருவத்தின் நிழலிலே சிறுமி இன்னும் சிறுத்துப்போகின்றாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதினர்க்கு இப்படம் ஆகாது என நாம் கூறுவது இதனாலேயே. சான்றிதழ்காரர் கூறும் காரணத்துக்கும் இதற்கும் உறவில்லை. பிள்ளைகளின் கண்ணால் வளர்ந்தோரின் உலகைக் காண்பதிலே டி சீக்காவுக்கு நிகரானவர் சிலரே. 1943இல் உருவான 'பிள்ளைகள் எம்மைப் பார்க்கின்றனர்' என்ற படத்தில், தாய் வீட்டைவிட்டுப் போவதை ஒரு சிறுவனின் கண்ணாலேயே காட்டியவர் அவர். அங்கே அச்சிறுவனுக்குத் தன் தாயை ஏற்கவோ மறுக்கவோ உரிமை இருந்தது. இறுதியில் அவன் அவ்வுரிமையைப் பயன்படுத்தவும் செய்கின்றான். அதே கலைஞர் பதினேழாண்டு கழித்து றொசெற்றாவுக்கு அவ்வுரிமையை அளிக்க மறந்தார் என்பது வருத்தத்துக்குரியது.

இரண்டாவது குறை எமக்கு இன்னும் பாரதூரமாகப் படுகின்றது. தேவாலயத்தினுள் நுழையும் மொறொக்கோச் சிப்பாய்களுக்குப் படத்திற் பெயரில்லை, மொழியில்லை, முகமென்று சொல்லத்தக்கதும் இல்லை. மிக்கேலேயை இழுத்துச் செல்லும் ஜேர்மானியரேனும் பேசுகின்றனர், கட்டளையிடுகின்றனர். நாம் அவர்களை மனிதராகவே வெறுக்கின்றோம். மொறொக்கோவரோ சிரிப்பும் தலைப்பாகையுமாக இருளிலிருந்து புறப்படும் ஒரு கூட்டம். இவர்கள் யார்? 1912 முதல் 1956 வரை பிரான்சின் பிடியிலிருந்த நாட்டின் மலைக்குடியானவர். அற்லஸ் மலைத்தொடரின் வறிய கிராமங்களிலிருந்து படைக்குச் சேர்க்கப்பட்டு, பிரெஞ்சு அதிகாரிகளின்கீழ், ஜெனரல் ஜுவானின் படையிலே, ஏனையோரால் ஏறமுடியாத மலைகளில் ஏற அனுப்பப்பட்டவர். அவர்கள் செய்த குற்றத்தை இவ்வரலாறு கழுவிவிடாது. குற்றவாளி ஏழையாயிருப்பதனாற் கெட்டழிந்த சிறுமியின் கண்கள் மூடிக்கொள்வதில்லை. ஆனால் அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தவன் எங்கே, அவர்களை அனுப்பியவன் எங்கே என்று படம் கேட்கவேண்டியிருந்தது. ஜீப் வண்டி அதிகாரிகளிடம் செசீரா அலறும் காட்சியிலே அக்கேள்வி ஒரு கணம் தலைகாட்டி மறைகின்றது. மேலும், 1935-36இல் எதியோப்பியா மீது நச்சுவாயு பொழிந்த இத்தாலியின் படம் இது. அப்படையெடுப்பிலே கறுப்புத் தாயர்க்கும் மகளிர்க்கும் நேர்ந்ததைச் சொல்ல ஒரு செசீரா இத்தாலியத் திரையிலே தோன்றவில்லை. வெள்ளைத் தாயின் மானத்தைக் கறுப்புக் கை கெடுத்தது என்ற படிமத்தை ஐரோப்பா தன் குடியேற்றங்களைக் காத்துக்கொள்வதற்கு நெடுங்காலம் பயன்படுத்தி வந்தது. டி சீக்காவுக்கு அந்நோக்கம் இருந்ததென்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. நோக்கமில்லாமலே அப்படிமம் படத்தினுள் வந்து அமர்ந்துவிட்டது. தணிக்கையாளரின் கத்தரிக்கோல் தேவாலயக் காட்சியில் நான்கு விநாடியை வெட்டக்கூடும், இதனை வெட்டாது. இது அதன் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. இன வெறுப்பைப் பாலோடு ஊட்டும் உலகத்திலே வளரும் பிள்ளைக்கு எது கூடுதலான நஞ்சு என்பதைப் பெற்றாரே தீர்மானிக்கட்டும்.

"இவ்வளவு குறைகள் உண்டென்றால் விட்டுவிடலாமே, வேறு படம் இல்லையா?" என்று கேட்கலாம். எமது வகுப்பறைகளை நோக்குக. போருக்குப் போன மகன் புறமுதுகிட்டான் என்ற சொல்லைக் கேட்டு, அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என வாளோடு களம்புகும் தாயைப் புறநானூற்றிலிருந்து நாம் கூசாது கற்பிக்கின்றோம். அங்கே பிணங்கள் உண்டு, குருதி உண்டு, மகன் சிதைந்து கிடக்கக் கண்டு ஈன்றபொழுதினும் பெரிதுவக்கும் தாயும் உண்டு. இது எவ்வயதினர்க்கு ஏற்றது என எவரும் கேட்டதில்லை. 2009இல் முடிந்த ஒரு நெடும் போரின் பின் இந்நாட்டில் ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு, அப்பாடலை விளக்கும்போது நாத் தடுமாறுகின்றது. போரை வாழ்த்தும் தாய் பாடத்திட்டத்துக்குள்ளும், போரால் உடைந்த தாய் அதற்கு வெளியேயும் நிற்பது எந்த நீதி? மகனை இழந்து மகிழ்ந்த தாயைப் படித்த பிள்ளைகள், மகளைக் காக்க முடியாமற் புழுதியில் விழுந்த தாயையும் காணவேண்டும். ஒன்று மற்றதற்கு உரையாக அமையும்.

ஆசிரிய நண்பர் ஒருவர் எழுப்பிய தடை மட்டும் எம்மை நிறுத்தி எண்ணவைத்தது. "வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருப்பர். அவர்களுள் ஒருத்திக்கு இக்கதை கதையாக இராது. அவள் யாரென்று உமக்குத் தெரியாது. கதவை அடைத்து வைத்து அவளுக்கு இதைக் காட்ட உமக்கு யார் உரிமை தந்தது?" ஒழுக்கம் என்ற சொல்லை அவர் ஒருமுறைதானும் உச்சரிக்கவில்லை. நாம் கேட்ட தடைகளுள் ஆளைக் கருதி எழுந்தது இது ஒன்றே. இதற்கு மறுமொழி கூறாமல் எவரும் இப்படத்தைக் காட்டலாகாது.

எமது மறுமொழி இது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட மாணவர்க்கு, கட்டாயமின்றி, கதையில் என்ன நிகழ்கின்றது என்பதை ஒரு வாரம் முன்னரே ஒளிவின்றிக் கூறி இப்படத்தைக் காட்டலாம், காட்டவேண்டும். வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்கலாகாது. இடையில் எழுந்து போகின்றவரை எவரும் திரும்பிப் பார்க்கலாகாது. கதவு திறந்தே இருக்கட்டும். பெண்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆண்பிள்ளைகளுக்குக் காட்டுவதோ, இருசாராரையும் பிரித்துக் காட்டுவதோ கூடாது. ஆண்பிள்ளைகளுக்கு இப்படம் வேண்டியதில்லை என்போரும் உளர். பெண்பிள்ளைகளைவிட அவர்களுக்கே இது வேண்டும் என்பது எம் துணிபு. தேவாலயத்துள் நுழைந்தவர்களும் ஒருகாலத்திற் பதினாறு வயதினராக எங்கோ இருந்தவர்களே. கைத்தொலைபேசியிலே எதையும் தனியே பார்த்துவிடும் இக்காலத்துப் பிள்ளைக்கு, பலரோடு கூடியிருந்து பார்த்துப் பின் பேசும் வாய்ப்பே அரிதாகிவிட்டது. இத்தாலியே 2021இல் திரைப்படங்களை முற்றாகத் தடுக்கும் அதிகாரத்தை அரசிடமிருந்து எடுத்துவிட்டது. வயதுவாரியான வகுப்பு மட்டும் எஞ்சியிருக்கின்றது.

படம் ஏறத்தாழ நூறு நிமிடம் ஓடுகின்றது. பாடசாலையின் இரு பாடவேளைகள் அதற்குப் போதா. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வது இப்படத்தைப் பொறுத்தவரை கொடுமை. சனிக்கிழமைக் காலையே உகந்தது. மொறொக்கோவின் படத்தையும் 1912, 1956 என்ற இரு ஆண்டுகளையும் கரும்பலகையிலே முன்கூட்டியே வரைந்துவிடுக. படம் முடிந்ததும் விளக்கை உடனே ஏற்றவேண்டாம். செசீராவைப்பற்றி மாணவர் தாமே பேசுவர்; லோரென் அதற்கு ஆவன செய்துவிடுகின்றார். றொசெற்றாவைப்பற்றியே நாம் கேட்க வேண்டியிருக்கும். காலுறையோடு அவள் திரும்பிவந்த அவ்விரவிலே, அடிக்கு முன்னதாகத் தாய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழி உடனே வராது. வரும்வரை இருப்பதற்கு மதியம்வரை நேரம் இருக்கின்றது.